அட்ஜர்ன்ட் என்பதற்கு உருதுவில் என்ன?

போன மாதம் ஒரு நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது செல்வியிடமிருந்து போன் வந்தது. நான் பார்த்த பெஞ்ச் கிளார்க் வேலையை இப்போது பார்ப்பவர் அவர்.

"சார், ஒரு பேஜாரு. சாட்சி சொல்ல வடக்கேருந்து ஒரு லாரி டிரைவர் வந்துக்கிறாரு. உருது தவிர ஒண்ணும் தெரியல. கேஸ் அட்ஜர்ன்ட் ஆயிடுச்சின்னு எப்பிடி சார் சொல்றது? போன்ல உருதுவுல போட்டுக் காட்டினேன். படிச்சிட்டு தலையை ஆட்டிக்கினு அங்கியே நிக்கிறாரு, போக மாட்றாரு."

"என்ன வேணும்னாலும் சொல்லும்மா. வாய்தான்னு மட்டும் சொல்லிடாதே" என்றேன்.

"ஏன் சார்?"

ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவருக்கு உள்ளேயிருந்து அழைப்பு வந்துவிட்டது. மீதியைச் சொல்லுங்கள் என்று அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டுவிட்டார். எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஏழுமலை. முகையூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். விழுப்புரத்தில் நகல் எழுத்தராகச் சேர்ந்து, தட்டச்சு பார்த்து, ரெக்கார்டு அறையில் தூசி தின்று, கடைசியில் திண்டிவனத்தில் ஒரு சிவில் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க் ஆனேன். இதற்கு எத்தனை வருடம் ஆனது என்பதை விட்டுவிடுகிறேன். அதில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றைத் தவிர. விழுப்புரத்தில் நான் குடியிருந்தது ஓர் உருது பேசுகிற வீட்டு மாடியில். தண்ணீர் வந்துவிட்டதா, கரண்டு எப்போது வரும், மாடியில் துணி காயப்போடாதே, வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போ. இவ்வளவையும் ஆறே மாதத்தில் உருதுவில் கேட்கவும் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். வாடகைக்கு இருப்பவனுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு உருது.

அந்தத் தைரியத்தில், ஒருமுறை ஆபீசில் விவரப் படிவம் நிரப்பச் சொன்னபோது, 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று எழுதிவிட்டு, இன்னும் இடம் இருக்கிறதே என்று 'உருது (பேச மட்டும்)' என்றும் சேர்த்தேன். பல வருடங்கள் அதை யாரும் படிக்கவில்லை.

படித்தவர் எங்கள் ஜட்ஜ் அம்மா.

தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மேஜையில் அங்குல அகலத்துக்கு வெட்டிய துண்டுச் சீட்டுகள் ஒரு கட்டு இருக்கும். பக்கத்தில் நன்றாகச் சீவிய பென்சில். நாம் ஏதாவது தப்புச் செய்தால் விசாரணையை நிறுத்த மாட்டார். வக்கீல் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே ஒரு சீட்டில் நாலு வார்த்தை எழுதி, இரண்டாக மடித்துக் கீழே நீட்டுவார். 'தேதி ஞாயிற்றுக்கிழமை.' 'வழக்குக் கட்டு தலைகீழ்.' 'உங்கள் சட்டைப் பையில் மை.' அவ்வளவுதான். அந்தச் சீட்டை மேஜைக்கு அடியில் வைத்துத்தான் பிரிப்போம். முந்தைய ஜட்ஜ் பேப்பர் வெயிட்டை எடுத்து மேஜையில் குத்துவார். அவரே தேவலாம் என்று எங்களில் பாதிப் பேர் நினைத்தோம்.

வந்த முதல் வாரத்தில் எல்லோருடைய ஃபைலையும் வரவழைத்துப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, உங்களுக்கு உருது தெரியுமாமே?"

"கொஞ்சம் தெரியும்ங்கம்மா."

"கொஞ்சம்னு படிவத்துல இல்லையே."

"தெரியும்ங்கம்மா" என்றேன். அடுத்த மாதமே குல்ஷன் பீயின் வழக்கு வந்தது.

குல்ஷன் பீக்கு அறுபது வயதுக்கு மேல். குல்பர்காப் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பின்கட்டு வீட்டில் அவர். முன்கட்டில் அவர் கணவருடைய அண்ணன் மகன் சாதிக். தெருவுக்கு வர இரண்டு பேருக்கும் ஒரே சந்து. அந்தச் சந்தின் வாயில் சாதிக் ஓர் இரும்பு கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார். குல்ஷன் பீ வெளியே வரவேண்டுமானால் பக்கத்து வீட்டுச் சமையலறை வழியாகத்தான் வரவேண்டும். அவர் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் இரண்டு ஆடுகள் இருந்தன. ஆடுகள் சமையலறை வழியாகப் போனால் சும்மா போவதில்லை. அதனால் ஆடுகளைக் கட்டியே போட்டு, தினமும் மல்லாட்டைக் கொடியைத் தலையில் சுமந்துகொண்டு அடுப்பைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார். முட்டி வலி உள்ள அம்மாள். கேட்டைத் திறக்கச் சொல்லித்தான் வழக்கு.

அவருக்குத் தமிழ் தெரியாது என்றில்லை. கடைத்தெருவில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிற அளவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கோர்ட்டில் தமிழ் பேச மாட்டேன் என்று தன் வக்கீலிடம் சொல்லிவிட்டார்.

"காய்கறி தப்பா பூட்ச்சின்னா நாளைக்கு வேற வாங்கலாம். கோர்ட்டுல ஒரு பேச்சு தப்பா பூட்ச்சின்னா வூடே பூடும். எனக்கு எங்க பாஷையிலயே சொல்லணும்."

நியாயமான பேச்சு. ஜட்ஜ் அம்மாவும் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு விசாரணையிலும் என்ன நடந்தது என்பதை அந்த அம்மாளுக்கு உருதுவில் சொல்லவேண்டியது என் பொறுப்பு என்று உத்தரவானது.

கோர்ட் வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். ஒரு வழக்கை ஒத்திவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. டவாலி முனுசாமி வாசலில் நின்று பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். நான் கட்டைப் பிரித்து ஜட்ஜ் முன்னால் வைப்பேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பதிலுரை தயாராகவில்லை, அவகாசம் வேண்டும் என்பார். ஜட்ஜ், "அட்ஜர்ன்ட்" என்று சொல்லித் தேதி போடுவார். நான் அதைக் கட்டின் மேல் எழுதி, டைரியில் ஏற்றி, கட்சிக்காரரைப் பார்த்து, "வாய்தா, பதினஞ்சாம் தேதி" என்பேன். அவர் டீக்கடைக்குப் போவார். தமிழ்நாட்டில் கோர்ட் வாசலை மிதித்த எவருக்கும் வாய்தா என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

குல்ஷன் பீ முதல் முறை வந்து நின்றபோதும் இதெல்லாம் இதே வரிசையில் நடந்தது. ஜட்ஜ் அம்மா அட்ஜர்ன்ட் என்றார். குல்ஷன் பீயின் வக்கீல் தேதியைக் குறித்துக்கொண்டு அடுத்த கோர்ட்டுக்குப் போய்விட்டார். நான் குல்ஷன் பீயிடம் திரும்பினேன். அப்போதுதான் அட்ஜர்ன்ட் என்பதற்கு உருதுவில் என்ன என்று எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. விழுப்புரத்து மாடியில் யாரும் எதையும் ஒத்திவைத்ததில்லை.

ஆனால் ஒரு யோசனை வந்தது. கோர்ட்டில் நாங்கள் புழங்குகிற வார்த்தைகளில் பாதி அந்தக் காலத்து நவாப் கச்சேரியிலிருந்து வந்தவை. வக்காலத்து, தாக்கல், ரத்து, ஜப்தி. வாய்தாவும் அப்படி வந்ததுதான் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அவர்களுடைய வார்த்தையை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தால் என்ன? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு சொன்னேன்:

"ஜட்ஜ் மேடம் வாய்தா தியே. பந்த்ரா தாரீக்." ஜட்ஜ் அம்மா வாய்தா கொடுத்தார், பதினைந்தாம் தேதி என்று சொன்னதாக என் நினைப்பு.

குல்ஷன் பீ என்னைப் பார்த்தார், ஜட்ஜ் அம்மாவைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நிஜமாகவா என்று உருதுவில் கேட்டார். நிஜம்தான் என்றேன். எழுதிக் கொடுத்தாரா என்றார். ஆமாம், எழுதியிருக்கிறது என்று டைரியைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. ஜட்ஜ் அம்மா இருந்த திசையை நோக்கி இரண்டு கையையும் ஏந்தி துவா செய்துவிட்டுப் போனார்.

"இன்னா சார், வாய்தாவுக்கே அழுவுது அந்தம்மா?" என்று முனுசாமி கேட்டார்.

"அவங்க பாஷைல சொன்னா மனசு குளுந்துடும் முனுசாமி" என்றேன். அன்று பூராவும் எனக்கு ஒரே பெருமை.

பதினைந்தாம் தேதி மறுபடியும் பதிலுரை தயாராகவில்லை. மறுபடியும் அட்ஜர்ன்ட். நானும் மறுபடியும், ஜட்ஜ் மேடம் வாய்தா தியே என்றேன். இந்த முறை அழவில்லை. புருவத்தைச் சுருக்கி, "பிர் ஸே?" என்றார். திரும்பவுமா என்று அர்த்தம். ஆமாம், திரும்பவும்தான் என்றேன். மூன்றாவது முறை சொன்னபோது அவர் என்னை முறைத்தார். துவா ஒன்றும் செய்யவில்லை.

நான்காவது தவணையில் வெடித்தது.

அன்று சாதிக்கும் வந்திருந்தார். அவருடைய வக்கீல் மூத்தவர். எதையும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தொடங்குவார். அன்று இரண்டு முறை செருமினார். பதிலுரை கேட்டால் வேறொரு காகிதத்தை நீட்டினார். சாதிக்கின் பிரமாணப் பத்திரம். வாங்கிக் கட்டில் வைக்கும்போது கண்ணை ஓட்டினேன்.

'இந்த நீதிமன்றத்தின் நீதிபதி, கேட்டைத் திறந்துவிடுவதாக வாதிக்கு வாக்குறுதி கொடுத்திருக்கிறார். அதையும் மூன்று முறை கொடுத்திருக்கிறார். வாதி இதைத் தெரு முழுக்கச் சொல்லிவருகிறார். எனக்கு இந்த நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது. வழக்கை மாற்றக் கேட்டு விழுப்புரத்தில் மனுச் செய்யப்போகிறேன். அதுவரை நிறுத்திவைக்க வேண்டும்.'

ஒரு நீதிபதி கட்சிக்காரருக்கு வாக்குக் கொடுத்தார் என்று காகிதத்தில் வந்தால் அது சாதாரண விஷயமில்லை. மேலிடத்திலிருந்து விசாரணை வரும். அவர் வேலைக்கே ஆபத்து. ஜட்ஜ் அம்மா முழுவதையும் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு முறை படித்தார். பென்சிலை எடுத்தார். சீட்டு வந்தது.

'நான் என்ன வாக்குக் கொடுத்தேன்?'

எழுந்து நின்றேன். அந்த நேரம் வரைக்கும் சத்தியமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாக்கு என்று நான் எதையும் சொல்லவில்லையே?

"குல்ஷன் பீயைக் கூப்பிடுங்க" என்றார் ஜட்ஜ் அம்மா. பிறகு நிறுத்தினார். "அவங்க சொல்றதை யார் மொழிபெயர்க்கிறது? ஏழுமலை செய்ய முடியாது. அவர் மேலதான் இப்ப கேள்வி. இங்க வேற யாருக்கு உருது தெரியும்?"

கூடம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு கைதான் தயங்கித் தயங்கி மேலே வந்தது. சாதிக்கின் கை.

அவருடைய வக்கீல் தொண்டையைச் செருமினார். ஜட்ஜ் அம்மா அவரைப் பார்க்காமலே, "ஆட்சேபம் இருந்தா நீங்களே மொழிபெயர்க்கலாம்" என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வழக்குப் போட்டவரின் பேச்சை, வழக்குப் போடப்பட்டவர் மொழிபெயர்த்த விசாரணையை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். குல்ஷன் பீ உருதுவில் பொரிந்து தள்ளினார். சாதிக் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

"ஜட்ஜ் அம்மா மொத தபா வாக்கு குடுத்தாங்கன்னு சொன்னதும் நான் தெருவுக்கே சேமியா காய்ச்சி குடுத்தேன்றாங்க. ரெண்டாவது தபாவும் குடுத்தாங்களாம். சரி, பெரிய எடம், வேல இருக்கும்னு நெனைச்சாங்களாம். மூணாவது தபா எதுக்குன்றாங்க. கருவாடு விக்கிறவன்கூட ஒரு வாக்குக்கு மேல குடுக்க மாட்டான்றாங்க. அப்பறம்..."

அவர் நிறுத்தினார்.

"எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார் ஜட்ஜ் அம்மா.

"அப்பறம், மொழிபெயர்க்கறானே இந்த எருமை, இவன்தான் கேட்டை பூட்டினவன்றாங்க."

முனுசாமி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. ஜட்ஜ் அம்மாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"வாக்குன்னு எந்த வார்த்தையில சொன்னாங்களாம்? அந்த உருது வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்க."

குல்ஷன் பீ காத்திருக்கவில்லை. என்னை நோக்கி விரலை நீட்டி, கூடம் அதிர உரக்கச் சொன்னார்:

"வாய்தா! வாய்தா! வாய்தா!"

முனுசாமிதான் முதலில் வாய் திறந்தார். "அம்மா, அது நம்ம கோர்ட்டு வாய்தாங்க!"

"சாதிக், உருதுவில வாய்தான்னா என்ன?"

"வாக்கு குடுக்கறதுங்கம்மா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்த நவாப் காலத்திலோ, இன்ன நாளைக்கு வருகிறேன் என்று கொடுத்த வாக்குதான் கச்சேரிக்குள் நுழைந்து, நாளடைவில் வாக்குப் போய் நாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த அம்மாளிடம் மூன்று முறை, ஜட்ஜ் உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், அதை எழுதியும் வைத்துவிட்டார் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜட்ஜ் அம்மா பென்சிலைக் கீழே வைத்தார்.

"சாதிக், நீங்க பொறந்து வளர்ந்தது எங்க?"

"திண்டிவனம்தாங்க."

"கோர்ட்டுல வாய்தான்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க. தேதி தள்ளிப் போடறது."

"ஏழுமலைக்கு உருது அர்த்தம் தெரியாது. உங்க சின்னம்மாவுக்குக் கோர்ட் அர்த்தம் தெரியாது. எனக்கு உருதுவே தெரியாது. இந்த ஊர்ல ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். உங்க சின்னம்மா சொன்னதைக் கேட்டப்பவே எங்க தப்பு நடந்திருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

வக்கீல் சாதிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலிருந்து, வக்கீலுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்று எனக்குப் பட்டது.

"தெரியும்ங்கம்மா" என்றார் சாதிக் கடைசியில்.

வக்கீல் எழுந்தார். செருமவே இல்லை. "அந்தப் பத்திரத்தைத் திரும்பப் பெறுகிறோம்" என்றார்.

"பெற்றுக்கொள்ளுங்கள். பதிலுரை?"

"ஒரே ஒரு வாய்தா..." என்று தொடங்கியவர், அந்த வார்த்தையைக் காதால் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இனி அவகாசம் இல்லை என்றார் ஜட்ஜ் அம்மா. அன்று மதியமே இரண்டு தரப்பையும் கேட்டார். வழக்கு முடியும்வரை கேட்டைப் பூட்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பூட்டை எடுக்கவேண்டும், அதை அமீனா நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டார்.

எழுந்து போகுமுன் என்னைக் கூப்பிட்டார். சஸ்பென்ஷன்தான் என்று நினைத்தேன். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அட்ஜர்ன்டுக்கு உருதுவில என்னன்னு இப்பவாவது தெரியுமா?"

"தெரியாதுங்கம்மா."

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் சாதாரணமா வேற ஆள் பார்த்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். "உத்தரவை அந்த அம்மாவுக்கு இன்னிக்கே சொல்லணும். சொல்லுங்க. தெரியாத வார்த்தை வந்தா அவங்களையே கேளுங்க."

வெளியே வேப்பமரத்தடியில் குல்ஷன் பீ நின்றிருந்தார். கேட் திறக்கும் என்பதை எந்தப் பெரிய வார்த்தையும் போடாமல் சொன்னேன். விழுப்புரத்து மாடியில் கதவு, பூட்டு எல்லாம் கற்றிருந்தேன். அதில் தப்பு வராது. நாளைக் காலை அமீனா வந்து பார்ப்பார் என்றும் சொன்னேன்.

"அமீனாவா? வரட்டும், வரட்டும்" என்று முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் காலை எங்கள் அமீனாவோடு நானும் போனேன். கோர்ட்டின் உத்தரவை நேரில் போய் நிறைவேற்றுகிற ஊழியருக்குத்தான் அமீனா என்று பெயர். எங்கள் அமீனா ஆறடி உயரம், காதுவரை மீசை. கேட்டுக்கு அந்தப் பக்கம் குல்ஷன் பீ ஒரு புதுப் பாயை விரித்து, தட்டில் வெற்றிலையும் ஒரு முழம் மல்லிகைப் பூவும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அமீனா எங்கே?" என்றார்.

"இவர்தான்ம்மா அமீனா" என்றேன்.

அவர் மீசையைப் பார்த்தார். பிறகு பூவைப் பார்த்தார். உருதுவில் அமீனா என்பது பெண்ணின் பெயர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "யா அல்லா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில், முன்கட்டிலிருந்து சாதிக்கும் எட்டிப் பார்த்தார். கையில் சாவி இருந்தது. ராத்திரி தூங்காத முகம். சின்னம்மா சிரிப்பதைப் பார்த்து, என்னவென்றே தெரியாமல் அவருக்கும் உதடு இளகியது.

அமீனா உத்தரவைப் படித்தார். சாதிக் பூட்டைத் திறந்தார். கேட் கிறீச்சிட்டு விலகியது. குல்ஷன் பீ உடனே வெளியே வரவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே கேட்டார்.

"இவுங்கள்லாம் போனப்புறம் திருப்பி பூட்டுவியா?"

"பூட்ட மாட்டேன் சாச்சி" என்றார் சாதிக். "வாய்தா."

குல்ஷன் பீ அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த வாய்தா? நம்மளதா, கோர்ட்டுதா?"

சாதிக் கேட்டில் தொங்கிய பூட்டைக் கழற்றினார். சாவியோடு சேர்த்து அதைச் சின்னம்மாவின் கையில் வைத்தார். இரண்டு ஆடுகளும் எந்த உத்தரவையும் கேட்காமல் எங்களை இடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடின.